தண்ணீர் வரும் நாளும் வற்றும் நாளும்: ஆரணியாற்றுப் படுகை ஏரிகளின் நலத்தையும் மீன்வளத்தையும் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிச்சாட்டூர் அணையிலிருந்து புறப்படும் ஆரணியாறு, நாகலாபுரம், சுருட்டப்பள்ளிப் பகுதிகளைக் கடந்து ஊத்துக்கோட்டையருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. இந்த ஆற்றின் இருகரையிலும் உள்ள பள்ளங்களில் ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்தில் நாங்கள் வீட்டில் ஏரி என்போம். ஊர்க்கூட்டத்தில் செருவு என்போம். ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழியும் இடத்தை நாம் கலங்கல் என்றும் கலிங்கு என்றும் சொல்கிறோம்; அதைத்தான் தெலுங்கில் கலுஜு என்கிறார்கள். பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் தூம்பு அங்கே தூமு ஆகிறது. எல்லைக்கோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சொற்களும் இந்தத் தண்ணீரும் ஒன்றாக ஓடியவை.

இந்த வழிகாட்டி, இத்தகைய ஓர் ஏரியின் நலத்தை ஊர்க்காரர்களே ஓராண்டு முழுவதும் அளந்து பதிவு செய்வது எப்படி என்பதையும், அந்தப் பதிவைக் கொண்டு மீன்வளத்துக்காக என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறது. தேவைப்படும் கருவிகள் குறைவு: ஒரு நோட்டுப் புத்தகம், வெப்பமானி, நீரில் கரைந்த உயிர்வளியை (ஆக்சிஜனை) அளக்கும் சோதனைப்பெட்டி, கறுப்பு வெள்ளை வண்ணம் பூசிய ஒரு தட்டு, அளவுகோல் பலகை, சிறிய தராசு. இவற்றையெல்லாம் விட, விடியலுக்கு முன் எழுந்து கரைக்குப் போகும் ஒருவர் வேண்டும்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

அசாமின் பீல்களும் பீகாரின் மௌன்களும் ஆற்று வெள்ளம் ஏறி இறங்கும் இயற்கையான சமவெளி ஈரநிலங்கள். மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் தலைமையிடம் கொண்டுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. நம் ஏரிகள் மனிதர் கரை கட்டி உண்டாக்கியவை. ஆயினும் அவை நடந்துகொள்வது அந்த ஈரநிலங்களைப் போலத்தான்: வெள்ளக் காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கி, ஆற்றோடும் அண்டை ஏரிகளோடும் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இணைந்திருக்கின்றன. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கும் ஏற்றம் இங்கே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் நடக்கிறது. முக்கியமான வேறுபாடு அதுதான்.

ஜங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் 1989-இல் முன்வைத்த கருத்து ஒன்று இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை. ஆண்டுதோறும் வெள்ளம் சமவெளியில் ஏறி இறங்குவதே ஒரு பேராற்று மண்டலத்தின் உயிர்த் துடிப்பு என்றும், அந்தத் துடிப்பே அங்குள்ள மீன் உற்பத்தியைத் தீர்மானிக்கிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். காய்ந்த மண்ணின்மேல் தண்ணீர் ஏறும்போது மண்ணிலும் சருகிலும் உள்ள சத்துகள் கரைகின்றன. பாசியும் நுண்ணுயிரும் பெருகுகின்றன. அந்த ஆழமற்ற வெதுவெதுப்பான விளிம்பில் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. ஆகவே ஒரு ஏரியின் நலத்தை அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் எப்போது வந்தது, எவ்வளவு விரைவாக ஏறியது, எத்தனை நாள் வழிந்தது, எப்போது வற்றியது, அந்த நாட்களில் மீனுக்கு வழி திறந்திருந்ததா என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

காலநிலை மாற்றம் இந்த ஐந்தையும் தொடுகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாத இடைவெளிகளும் நீள்கின்றன. 2015-இல் வடதமிழ்நாட்டை வெள்ளம் சூழ்ந்தது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. 2020 நவம்பரில் நிவர் புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தன. ஒரே ஓர் ஆண்டைக் காட்டி இதுவே காலநிலை மாற்றம் என்று சொல்வது சரியாகாது. ஆனால் இப்படி மாறி மாறி வரும் ஆண்டுகளை நம் ஏரி எப்படித் தாங்குகிறது என்பதைப் பதிவு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

முதல் படி: கோடையில் தண்ணீரின் வழியை நடந்து பாருங்கள்

சித்திரை, வைகாசியில், ஏரி சுருங்கிக் கிடக்கும்போது, வரத்துக் கால்வாயின் தலைப்பிலிருந்து கலங்கல் வரையிலும், கலங்கலிலிருந்து அடுத்த ஏரி அல்லது ஆறு வரையிலும் முழுத் தூரத்தையும் நடந்துவிடுங்கள். வாகனத்தில் போகாதீர்கள், பாலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நடப்பவருக்குத்தான் தெரியும். உடன் வருபவர்களில் மூன்று பேர் கட்டாயம் வேண்டும்: ஏரிநீர் பாயும் ஆயக்கட்டில் பயிர் செய்யும் மூத்த விவசாயி ஒருவர், மீன் பிடிப்பவர் ஒருவர், ஏரி உட்பரப்பில் மாடு மேய்ப்பவர் ஒருவர். இருளர்கள், ஆந்திரப் பக்கத்தில் யானாதிகள், நம் ஊருக்கு அருகில் வாழ்ந்தால் அவர்களில் ஒருவரை முதலில் அழையுங்கள். எந்த மடுவில் கோடையிலும் விரால் தங்கும், எந்த வாய்க்காலில் ஆரால் ஏறும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. பெரும்பாலான கூட்டங்களில் அவர்களிடம் யாரும் கேட்பதும் இல்லை.

நடக்கும்போது ஒரு கைவரைபடம் போட்டுக்கொண்டே செல்லுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. கால்வாய் எங்கே குறுகுகிறது, சாலைக்கடியில் உள்ள குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட உயர்ந்திருக்கிறதா, எங்கே சீமைக்கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருக்கின்றன, எங்கே கழிவுநீர் சேர்கிறது, எங்கே தடுப்புச் சுவர் உள்ளது என்பவற்றைக் குறியுங்கள். ஒவ்வொரு தடையிலும் தண்ணீர் போகுமா, மீன் போகுமா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும். முழங்கால் உயரச் செங்குத்துச் சுவரைத் தண்ணீர் தாண்டி விழும். கீழிருந்து மேலே வரும் ஆராலும் கெண்டையும் அதைத் தாண்டா.

எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் கலங்கலைச் செப்பனிட்டபோது பழைய கருங்கல் சரிவை எடுத்துவிட்டு நேர்ச்சுவராகக் கட்டினார்கள். கரை உறுதியானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவர், “கலங்கல்ல சிமெண்டு போட்ட வருசத்துல இருந்து ஆரால் ஏறல தம்பி, கீழ் மடுவுலயே சுத்திச் சுத்திச் சாவுது” என்று என்னிடம் சொன்னபோதுதான் அந்தச் சுவரை நான் முதன்முறையாக ஒரு மீனின் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்கு முன்பு பல முறை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் படி: அளவுப் பலகையும் நோட்டும்

மதகுக் கல்லிலோ கரையோரத் தூணிலோ 10 செ.மீ. இடைவெளியில் வண்ணக் கோடுகள் போடுங்கள். மதகின் அடிமட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்வது வசதி. அதற்குக் கீழே நிற்கும் நீர் பாசனத்துக்குப் போகாது, மீனுக்கு மட்டுமே உரியது. கலங்கலின் உச்சி எத்தனையாவது கோடு என்பதையும் குறித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நாள்தோறும் காலை ஒரே நேரத்திலும், மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறையும் மட்டத்தைப் பதியுங்கள். இதனுடன் தேதி தவறாமல் எழுத வேண்டியவை நான்கு: வரத்துக் கால்வாயில் முதல் நீர் வந்த நாள், கலங்கல் வழியத் தொடங்கிய நாள், வழிவது நின்ற நாள், நீர் சுழியக் கோட்டைத் தொட்ட நாள். தமிழ் மாதத்தையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். முதியவர்களின் நினைவு தமிழ் மாதத்திலும், அலுவலகக் கோப்பு ஆங்கிலத் தேதியிலும் இருப்பதால், பின்னால் ஒப்பிடும்போது இரண்டும் உதவும்.

மூன்றாம் படி: தண்ணீரின் தன்மையை விடியலில் அளத்தல்

பலர் பகல் பத்து மணிக்குத் தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். பகலில் பாசியும் நீர்த்தாவரமும் வெயிலில் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவு முழுவதும் அவையும் மீன்களும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே கரைந்த உயிர்வளி மிகக் குறைவாக இருப்பது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான். மீன் சாவதும் அந்த நேரத்தில்தான். மாதம் இருமுறை, கோடையிலும் முதல் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இன்னும் அடிக்கடி, விடியலுக்கு முன் ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் ஏரியில் சத்து மிகுந்து பாசி பெருகியுள்ளது என்று பொருள்.

கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 3-க்குக் கீழே வந்தால் கெண்டையினங்கள் தவிக்கும். 2-க்கும் கீழே இறங்கினால் அவை மேற்பரப்பில் வாயைத் திறந்து காற்று வாங்கத் தொடங்கும். நெடுநேரம் நீடித்தால் இறக்கும். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லவை என்பதால் தப்பிவிடும். இந்த மீன்கள் மட்டுமே மிஞ்சியுள்ள ஏரி, உயிர்வளிக் குறையை அடிக்கடி கண்ட ஏரி என்று கொள்ளலாம்.

வெப்பத்தின் பங்கு இங்கே நேரடியானது. நன்னீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. உயிர்வளியைத் தாங்கும்; 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் ஏறத்தாழ 7 மட்டுமே. தண்ணீர் சூடேறச் சூடேற மீனின் உயிர்வளித் தேவையோ கூடுகிறது. வைப்பு குறையும்போதே செலவு ஏறுகிற இந்த நிலைதான் வைகாசி, ஆனியில் ஆழமற்ற ஏரிகளில் மீன் செத்து மிதப்பதற்கு முதன்மையான காரணம். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை மூளும் முன், அன்றைய விடியலின் அளவு நோட்டில் இருந்தால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

தெளிவை அளக்க, 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, கயிற்றில் கட்டி இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவு. 30 முதல் 40 செ.மீ. வரை இருந்தால் நலம். 20-க்குக் கீழே போனால் நிறத்தைப் பாருங்கள்: பச்சை என்றால் பாசிப் பெருக்கம், செம்மண் நிறம் என்றால் மேலே எங்கோ மண் அரிப்பு. கார அமில அளவு (pH) காலையில் 7-ஐ ஒட்டியும் மாலையில் 8.5-ஐ ஒட்டியும் இருப்பது இயல்பு. மாலையில் 9-ஐத் தாண்டினால், வெப்பமும் சேரும்போது அமோனியாவின் நச்சு மிகும்.

நான்காம் படி: முதல் வெள்ளத்தின் பத்து நாட்கள்

ஆண்டில் வேறு எந்த நாளைத் தவறவிட்டாலும் இந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

புதுத் தண்ணீரின் மணமும் குளிர்ச்சியும் ஓட்டமும் பட்டவுடன் கெண்டை, கெளுத்தி, ஆரால், குறவை, பனையேறிக் கெண்டை ஆகியவை ஓட்டத்தை எதிர்த்து வாய்க்காலில் ஏறி, புதிதாக நீர் பரவிய புல்வெளியிலும் நெல்வயலிலும் முட்டையிடுகின்றன. கேரளத்தில் தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்தில் நடக்கும் இதே நிகழ்வை ஊத்த என்கிறார்கள். அங்கே அந்த ஏறு மீன்களைப் பிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. நம் பக்கத்தில் அந்த நாட்களில்தான் வாய்க்காலின் குறுக்கே கொசுவலை கட்டுகிறோம். வயிறு நிறைய முட்டையோடு வரும் ஒரு கெளுத்தியைப் பிடிக்கும்போது நாம் பிடிப்பது ஒரு மீனை அன்று என்பதை, சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மழை பெய்த இரவில் டார்ச் விளக்குகள் குறைவதில்லை.

இப்போது காலநிலை இதில் புகுந்திருக்கிறது. புரட்டாசியில் மீனின் சினை முற்றிவிடுகிறது. மழை கார்த்திகை வரை தள்ளிப் போனால், காத்திருந்த முட்டைகள் உடலுக்குள்ளேயே கரைந்து மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடும். மாறாக, ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டினால், வெள்ளம் ஏறிய வேகத்திலேயே வடிந்து, புல்லில் ஒட்டிய முட்டைகள் வெயிலில் காயும். முன்பு மூன்று நான்கு தவணைகளாக வந்த ஏற்றம் ஒரே தவணையாகச் சுருங்கும்போது, அந்த ஒரு தவணையையும் வலை கட்டி மறித்தால் அந்த ஆண்டின் குஞ்சுகள் அத்தனையும் போய்விடும்.

செய்ய வேண்டியவை இவை. முதல் நீர் வந்த நாள் முதல் பத்து நாட்களுக்கு வரத்துக் கால்வாயிலும் கலங்கலின் கீழும் வலை, ஊத்தா என்ற மீன்பிடி கூடை, பொறி எதுவும் வைப்பதில்லை என்று ஆவணி மாதத்திலேயே ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள்; மழை வந்தபின் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நாட்களில் கைச்செலவுக்கு மீனையே நம்பியிருக்கும் குடும்பங்கள் எவை என்று பார்த்து, கரைக்காவல், மட்டப் பதிவு, மீன் கணக்கெடுப்பு ஆகிய வேலைகளை ஊர்ப் பணத்தில் கூலியோடு அவர்களுக்கே கொடுங்கள். இதைச் செய்யாமல் தடை மட்டும் போடுவது நியாயமன்று, நிலைக்கவும் செய்யாது. நேர்ச்சுவராக உள்ள கலங்கலில், ஓரத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் கரடுமுரடான கற்களைச் சரிவாக அடுக்கி, விரல் கடை ஆழத்துக்காவது நீர் தங்கித் தங்கி இறங்கும்படி செய்தால் சிறு மீன்கள் ஏறும். கலங்கலின் உயரத்தையோ உறுதியையோ தொடாத இந்த வேலைக்கும் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும், எழுத்தில் கேளுங்கள்.

ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரம், ஒரே இடத்தில் நின்று, எந்தெந்த மீன்கள் ஏறின, ஏறத்தாழ எத்தனை என்று பதியுங்கள். பிடிக்க வேண்டாம், விளக்கொளியில் பார்த்தாலே போதும்.

ஐந்தாம் படி: வடியும் காலத்தில் குஞ்சுகளும் நோய்களும்

வெள்ளம் ஏறிய இரண்டு வாரங்களில் மூழ்கிய புல்லும் சருகும் அழுகும், தண்ணீர் தேநீர் நிறமாகும், உயிர்வளி இறங்கும். விடியல் அளவு 3-க்குக் கீழே வந்தால், மதகைச் சிறிது திறந்து அடிநீரை வெளியேற்றுவது பயன் தரும். ஆகாயத்தாமரை மிதந்து வந்திருந்தால் அது பூக்கும் முன்பே, இந்தக் காலத்திலேயே கரையேற்றுங்கள். ஆனால் தாமரை, அல்லி, கோரை, கொட்டி ஆகிய உள்ளூர்த் தாவரங்களைக் களை என்று கருதி வழிக்க வேண்டாம், அவற்றின் தண்டுகளுக்கிடையில்தான் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்துபோல் மேற்பரப்பில் நகர்ந்தால் அதனடியில் தாய் விராலும் தந்தை விராலும் காவலிருக்கும். அந்த இரண்டையும் தூண்டிலிட்டு எடுப்பது எளிது. எடுத்த அன்றே குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இத்தகைய கூட்டங்கள் எத்தனை கண்ணில் பட்டன என்பதை வாரந்தோறும் எண்ணி எழுதுங்கள். ஏரியின் நலத்துக்கு இதைவிட எளிய, செலவில்லாத அளவுகோலை நான் கண்டதில்லை.

மார்கழி, தையில் நீர் குளிரும்போது விரால், குறவை உடலில் சிவந்த புண்கள் தோன்றினால், 1988 முதல் இந்தியாவில் பரவிய புண்நோயாக இருக்கலாம். நோயுற்ற மீனை நீருக்குள்ளேயே விட்டுவிடாமல் எடுத்துப் புதைத்து, மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆறாம் படி: பிடிப்பைக் கணக்கிடுதல்

மொத்தம் எத்தனை கிலோ பிடிபட்டது என்பது மட்டும் ஏமாற்றும் எண். ஏரி நலிந்துகொண்டிருக்கும்போதே வலைகள் கூடினால் மொத்தப் பிடிப்பு சில ஆண்டுகள் ஏறவும் கூடும். ஆகவே ஒரே கண்ணளவுள்ள வீச்சுவலையை ஒருவர் ஒரு மணி நேரம் வீசினால் எவ்வளவு கிடைக்கிறது என்று மாதம் ஒரு நாள், ஏரியின் அதே மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். பிடிபட்டவற்றை இனம் வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்திலும் இருபது மீனின் நீளத்தையாவது எடுங்கள். விரால் ஏறத்தாழ 25 செ.மீ. வளர்ந்த பிறகே இனப்பெருக்கத்துக்கு முதிர்கிறது. பிடிபடும் விராலில் பாதிக்கு மேல் அந்த அளவை எட்டவில்லை என்றால், முட்டையிடாத மீனைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

அயல் மீன்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இப்போது எல்லா ஏரியிலும் உள்ளது; அதன் பங்கு ஆண்டுக்காண்டு கூடுகிறதா என்று பார்ப்பதே போதும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும், கண்ணாடித் தொட்டிகளிலிருந்து வெளியேறிய டேங்க் கிளீனர் மீனும் வலையில் வந்தால், மீண்டும் நீரில் விடாமல் அழித்துவிட வேண்டும். பெருவெள்ளத்தில் உடையும் பண்ணைக் குட்டைகளே இவை பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. புயல்கள் கடுமையாகும் காலத்தில் இந்தப் பக்கத்தை இன்னும் கவனமாக நிரப்ப வேண்டும்.

ஏழாம் படி: குஞ்சு விடுவதா, எப்போது விடுவது

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் ஆற்று வெள்ளத்தில் இனம்பெருக்குபவை. தேங்கிய ஏரியில் முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌதுரி ஊக்குநீர் (ஹார்மோன்) ஊசி மூலம் கெண்டையினத்தை இனம்பெருக்கச் செய்து காட்டிய பிறகே குஞ்சு வாங்கி விடும் வழக்கம் நாடெங்கும் பரவியது. அந்த நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாக உள்ளது. இதனால் பல ஊர்களுக்கு வருவாய் கிடைத்திருக்கிறது. நான் அதற்கு எதிரி அல்லன். ஆனால் தன் மீனைத் தானே உண்டாக்கும் ஏரியில் குஞ்சு விடுவது, வழியை அடைத்ததற்கு ஈடு ஆகாது.

எங்கள் குழுவின் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021-இல் ஏரி பாதி நிரம்பியவுடன், ஐப்பசியில், விரல்நீளம்கூட இல்லாத குஞ்சுகளை விட்டோம். நவம்பரில் தொடர்மழை, கலங்கல் நாள் கணக்கில் வழிந்தது. நாங்கள் விட்டவற்றில் பெரும்பகுதி ஆற்றோடு போனது. நோட்டின் முதல் பக்கங்களைப் பார்த்திருந்தால் முந்தைய ஆண்டும் அதே வாரங்களில் கலங்கல் வழிந்தது தெரிந்திருக்கும். இப்போது கலங்கல் வழிவது நின்ற பிறகே, 10 செ.மீ.க்குக் குறையாத குஞ்சுகளை, விடியல் உயிர்வளி 5-க்கு மேல் உள்ள நாளில், பையை அரை மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கிய பிறகே விடுகிறோம்.

கலங்கலில் கம்பிவலை கட்டிக் குஞ்சைத் தடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சருகு அடைத்து நீர்மட்டம் உயர்ந்தால் கரை உடையும். ஏறி வரும் மீனுக்கும் அது சுவர்.

கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளுக்கிடையில் உள்ள கொல்லேரு ஏரியின் கதையை இந்தக் கட்டத்தில் நினைவில் கொள்ளுங்கள். வெள்ளநீரை வாங்கி வைத்திருந்த அந்தப் பெரிய நன்னீர் ஏரிக்குள் மீன்குட்டைகளுக்காகக் கரைகள் எழும்பின. 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு, 2006-இல் அரசே அந்தக் கரைகளில் பலவற்றை உடைக்க வேண்டியதாயிற்று. மீன் வளர்ப்பும் மீன்வளமும் ஒன்றல்ல.

எட்டாம் படி: கோடைக்கான அடைக்கலம்

நீர் சுழியக் கோட்டைத் தொட்ட பிறகு ஏரியில் எஞ்சுவது மடுக்கள் மட்டுமே. அடுத்த ஆண்டின் தாய்மீன்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே, கரையிலிருந்து தள்ளி, இரண்டு அல்லது மூன்று மடுக்களைப் பேணுங்கள். அங்கிருந்து எஞ்சின் வைத்து நீர் இறைப்பதில்லை, கடைசி மீனையும் வாரி எடுப்பதில்லை என்று விவசாயிகளோடும் குத்தகைதாரரோடும் உடன்பாடு செய்யுங்கள்.

தூர்வாரும்போது நடக்கும் தவறு இதனோடு தொடர்புடையது. வண்டல் எடுப்பது நல்லது. ஆனால் பொக்லைன் இயந்திரம் ஏரி முழுவதையும் செங்குத்துக் குழிகளாகத் தோண்டிவிட்டால், வெள்ளம் மெல்ல ஏறிப் பரவும் சரிவு விளிம்பு மறைந்துவிடும். நாற்றங்கால் இல்லாத வயலாகிவிடும் ஏரி. ஒரே ஆண்டில் முழு ஏரியையும் தொடாதீர்கள். ஒரு பக்கச் சரிவை எப்போதும் விட்டுவையுங்கள். எடுக்கும் குழியின் ஓரத்தை மாடு இறங்கி ஏறும் அளவுக்குச் சாய்வாக்குங்கள். மாடு இறங்கக்கூடிய சரிவு குஞ்சுக்கும் கொக்குக்கும் ஏற்றது.

ஒன்பதாம் படி: குத்தகையும் சட்டமும்

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகையை ஓராண்டுக்கு எடுப்பவர், பங்குனிக்குள் எல்லாவற்றையும் வாரிவிடவே முயல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, குத்தகையின் காலம்தான் அப்படிச் செய்ய வைக்கிறது. மூன்று ஆண்டுக் குத்தகை, பத்து நாள் தடை, மடுவில் பிடிக்காமை, கண்ணளவு சிறிய வலை கூடாது என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு உண்மையை அறிந்திருப்பது நல்லது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்துள்ளன. ஆனால் தமிழ்நாட்டின் மறுகோடியில், குமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அவையும் மனிதர் அமைத்தவையே. ஏரி ஈரநிலம் ஆகாது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும், ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டமும் உள்ளன. எல்லையின் எந்தப் பக்கம் மனு போடுகிறீர்களோ அந்தப் பக்கத்துச் சட்டத்தின் பெயரை எழுதுங்கள்.

பத்தாம் படி: பழவேற்காடு வரை பதிவைக் கொண்டுசெல்லுதல்

நம் ஏரியில் வழிந்த நீர் கடைசியில் சேர்வது பழவேற்காட்டு ஏரியில். சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், கடலோடு அதை இணைக்கும் பழவேற்காட்டு முகத்துவாரம் தமிழ்நாட்டிலும் உள்ளன. மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவரும்போது உப்பு இறங்குகிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் இறால் குஞ்சுகளும் மடவையும் கொடுவாவும் கடலிலிருந்து உள்ளே வருகின்றன. ஆற்றுவெள்ளம் வலுவாக வந்தால்தான் முகத்துவாரத்தில் சேர்ந்த மணல் அடித்துச் செல்லப்படும். வெள்ளம் வராத ஆண்டில் மணல் மேடிட்டு அது அடைபடுகிறது. அங்கே பாடு முறைப்படி சீட்டுக் குலுக்கி இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் மீனவர்களுக்கும், பறி என்ற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும், நம் கலங்கல் வழிந்த நாட்களின் எண்ணிக்கை வாழ்வாதாரச் செய்தி.

இந்தத் தொடர்பை ஒரே மீனில் காண வேண்டுமானால் விலாங்கைப் பாருங்கள். அது ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் ஏறி, ஏரியில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. உங்கள் ஏரியில் விலாங்கு கடைசியாகப் பிடிபட்ட ஆண்டு எது என்று முதியவர்களிடம் கேட்டு நோட்டின் தனிப்பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்று மழைக்காலங்களின் பதிவு சேர்ந்தபின், நான்கு தேதிகளையும் ஒரே தாளில் ஆண்டு வாரியாக அடுக்கி, அவற்றுக்கு எதிரே ஏறிய மீன் இனங்களின் எண்ணிக்கை, விரால் குஞ்சுக் கூட்டங்கள், மணிநேரப் பிடிப்பு, மிகக் குறைந்த விடியல் உயிர்வளி ஆகியவற்றை எழுதுங்கள். மழை நன்றாக இருந்தும் ஏறிய இனங்கள் குறைந்திருந்தால் வழி அடைபட்டுள்ளது. முதல் படியின் வரைபடத்துக்குத் திரும்புங்கள். இனங்கள் ஏறியும் குஞ்சுக் கூட்டங்கள் குறைந்திருந்தால் வடியும் காலத்தையோ காவல் விரால்களின் பிடிப்பையோ கவனியுங்கள். குஞ்சுகள் இருந்தும் அடுத்த ஆண்டுப் பிடிப்பு சரிந்தால் கோடை மடுக்களைப் பாருங்கள். அந்தத் தாளின் மூன்று நகல்களில் ஒன்றை மீன்வளத் துறைக்கும், ஒன்றை நீர்வளத் துறைக்கும், மூன்றாவதைக் கலங்கலுக்குக் கீழே உள்ள அடுத்த ஏரியின் ஊர்க்காரர்களுக்கும் கொடுங்கள். அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் தெலுங்கிலும் ஒரு நகல் எழுதுங்கள்.